பெரியப்பாவின் 50 மி.மீ. லென்ஸ், என் இசட்வி-ஈ10: சரிப்பட்டு வருமா?

#1 காவிரிக்கரையான்

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் பெரியப்பா நடத்திய போட்டோ ஸ்டூடியோவை மூடிப் பல வருஷம் ஆச்சு. போன வாரம் பரணை ஒழித்தபோது ஒரு பென்டாக்ஸ் கே1000 கிடைத்தது. அதில் மாட்டியபடியே ஒரு 50 மி.மீ. எஃப்/2, தனி டப்பாவில் ஒரு 135 எஃப்/3.5. இரண்டிலும் "எஸ்எம்சி பென்டாக்ஸ்-எம்" என்று எழுதியிருக்கிறது.

என்னிடம் இருப்பது ஸோனி இசட்வி-ஈ10, கூட வந்த 16-50 கிட் லென்ஸ். 12 நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கப் போகிறேன். பாதி படித்துறையில் பகல் வெளிச்சம். மீதி ஒரு வீட்டு முற்றத்தில் இரவு, ஒரு டியூப்லைட், ஒரு குண்டு பல்பு. இரவுக் காட்சியைக் கிட் லென்ஸில் சோதித்துப் பார்த்தேன், ஒரே புள்ளி புள்ளியாக வருகிறது. புது லென்ஸ் வாங்கக் காசில்லை.

இந்தப் பழசு உதவுமா? நண்பன் ஒருவன், "இதைப் போட்டுட்டு ஒரு ரஷ்ய ஹீலியோஸ் வாங்கு, பின்னணி அப்படியே சுழலும்" என்கிறான். அதுவும் உண்மையா?

#2 மூர்மார்க்கெட்

தம்பி, ஹீலியோஸ் கிடக்கட்டும், முதலில் கையில் இருப்பதைப் பார்.

உதவும், தாராளமாக உதவும். லென்ஸின் பின்தகட்டிலிருந்து சென்சார் வரை ஒவ்வொரு மவுண்டுக்கும் (லென்ஸ் மாட்டும் வாய்) ஒரு தூரம் உண்டு. பென்டாக்ஸ் கே மவுண்டுக்கு 45.46 மி.மீ., உன் ஸோனி ஈ மவுண்டுக்கு 18 மி.மீ. நடுவில் கண்ணாடி ஏதும் வேண்டாம், மீதித் தூரத்துக்கு ஒரு வெற்றுக் குழாய் போதும். அந்தக் குழாய்தான் அடாப்டர். பழைய கேமராவில் மேலே எழும்பி இறங்கும் மிர்ரர் (முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி) நிற்க இடம் வேண்டியிருந்தது. உன்னுடையது மாதிரி மிர்ரர்லெஸ் கேமராவில் அது இல்லை என்பதால் நமக்கு இந்த யோகம்.

இப்போது ஒரு டார்ச் எடு. லென்ஸின் முன்பக்கம் டார்ச்சை அடித்துப் பின்பக்கமிருந்து கொஞ்சம் சாய்வாகப் பார். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக இருந்தால் பூஞ்சை. புகை படிந்த மாதிரி மங்கலாக இருந்தால் ஆவிப்படலம், வெளிச்சத்தை நேராகப் பார்த்தால் படம் வெளுத்துவிடும். ஓரத்தில் வானவில் மாதிரி நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன, அதற்குச் செலவு செய்யாதே. நாலு தூசு கிடந்தால் கவலையே படாதே.

அப்புறம் அபர்ச்சர் வளையத்தைத் திருப்பு (வெளிச்சம் நுழையும் ஓட்டையைக் கூட்டிக் குறைப்பது; எஃப் எண் சிறிதானால் ஓட்டை பெரிது). இதழ்கள் எண்ணெய் பிசுக்கில்லாமல் அசைகிறதா? ஃபோகஸ் வளையம் வெண்ணெய் மாதிரி போகிறதா, மணல் கலந்த மாதிரி கரகரக்கிறதா? பார்த்துவிட்டு வந்து சொல்.

#3 சந்தேகப்பிராணி

ஊர்ப் பொல்லாப்பு எனக்கு எதற்கு, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பழைய லென்ஸ் மோகத்தில் பாதி யூடியூப் வேலை. அடாப்டர், என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி), சர்வீஸ், ஈரம் உறிஞ்சும் பெட்டி என்று கூட்டினால் "மலிவு" எங்கே போகிறது? 7ஆர்ட்டிசன்ஸ், டிடிஆர்ட்டிசன் மாதிரி ஆட்கள் உன் கேமராவில் இருக்கும் சின்ன ஏபிஎஸ்-சி சென்சாருக்கென்றே புது மேனுவல் லென்ஸ் விற்கிறார்கள். பூஞ்சை கிடையாது, அடாப்டர் கிடையாது.

இன்னொன்று. உன் கேமராவில் 50 போட்டால் பழைய ஃபிலிம் கேமராவில் 75 போட்ட மாதிரி தெரியும், 135 போட்டால் 200 மாதிரி. முற்றத்தில் முகத்தை மட்டும் எடுக்கலாம், முற்றத்தை எடுக்க முடியாது. அகலம் வேண்டுமென்றால் பழசு கைவிட்டுவிடும். அந்தக் காலத்து 28 கூட இதில் 42 ஆகிவிடுகிறது. 20 மி.மீ.-க்குக் கீழே நல்ல பழைய லென்ஸ் மலிவாகக் கிடைத்ததாக யாராவது சொன்னால் எனக்கும் கடை விலாசம் கொடுக்கவும்.

#4 டேப்பும்பென்சிலும்

சந்தேகப்பிராணி அண்ணே, அகலம் பற்றிச் சொன்னது சரி. பகல் வைடு ஷாட்டுக்குக் கிட் லென்ஸே இருக்கட்டும். ஆனால் மோகம் என்று ஒரே அடியாகத் தள்ளாதீர்கள். நான் சில வருஷம் ஃபோகஸ் புல்லராக (ஷாட் ஓடும்போது ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும் ஆள்) ஓடியவன். எனக்குப் பழசு பிடிப்பதற்குக் காரணம் நிறமோ சுழலோ இல்லை. வளையம்.

கிட் லென்ஸில் ஃபோகஸ் வளையம் ஒரு மின்சார ஸ்விட்ச், அவ்வளவுதான். வேகமாகத் திருப்பினால் ஒரு தூரம் போகும், மெல்லத் திருப்பினால் வேறு தூரம். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, எண்ணும் இல்லை. முதல் டேக்கில் கை போன இடத்துக்கு இரண்டாவது டேக்கில் போகாது. பென்டாக்ஸ் வளையத்தில் இரண்டு பக்கமும் தடுப்பு உண்டு, தூரம் பொறித்திருக்கும், கை எவ்வளவு திரும்பியதோ கண்ணாடி அவ்வளவு நகரும். அதன்மேல் காகித டேப் ஒட்டி, நடிகர் கதவில் நிற்கும் இடத்துக்கு ஒரு கோடு, திண்ணையில் உட்காரும் இடத்துக்கு ஒரு கோடு. மூன்று ஒத்திகை போட்டால் கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

ஒரு கணக்கும் மனசில் வை. 50 மி.மீ., எஃப்/2, ஆள் 2 மீட்டரில் இருந்தால் கூர்மை இருக்கும் ஆழம் சுமார் 13 செ.மீ. அரைச்சாண்தான், ஆள் மூச்சு வாங்கி முன்னால் சாய்ந்தால் போச்சு. எஃப்/4-க்கு வந்தால் சுமார் 26, ஒரு சாணுக்கு மேல். இரவில் வெளிச்சம் இல்லையென்று எஃப்/2-க்கு ஓடாமல் இன்னொரு பல்பு போடு.

#5 வடமராட்சியான்

வணக்கம் தம்பி. நான் பருத்தித்துறைப் பக்கம். கடற்காத்தும் ஈரமும் லென்ஸுக்கு என்ன செய்யும் எண்டு என்னட்ட மூண்டு லென்ஸ் சாட்சி இருக்கு. கும்பகோணத்திலயும் மழைக்காலம் எண்டால் சும்மாவே?

பூஞ்சணம் பிடிச்ச லென்ஸை நல்ல லென்ஸோட ஒரே பெட்டியில வைக்காதேங்கோ. வெயிலில வைச்சால் பூஞ்சணம் சாகலாம், ஆனா கண்ணாடியில விட்ட தழும்பு போகாது. அது சுரக்கிற அமிலம் மேல்பூச்சை அரிச்சுப்போடும். தொடக்கத்திலயே திறந்து துடைச்சால் தப்பும்.

மின்சார உலர்பெட்டி வாங்க வசதியில்லாட்டி, ரப்பர் விளிம்பு வைச்ச இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறுற சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீற்றர். நாப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில நிக்கவேணும். முப்பதுக்குக் கீழ இறங்க விடாதேங்கோ, கிரீஸும் ரப்பரும் காஞ்சுபோகும். அரிசிப் பானைக்குள்ள வைக்கச் சொல்லி ஆரும் சொன்னால் கேளாதேங்கோ. எங்கட வீட்டில கேட்டதால லென்ஸுக்குள்ள தவிட்டுத் தூசு, அரிசிக்குள்ள அம்மான்ர ஏச்சு.

#6 லேத்துக்காரன்

கோயமுத்தூருங்க. லேத்து பட்டறை. லென்ஸ் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க, என்ற மச்சான் கல்யாண வீடியோ எடுக்கறவன், அவனோட அடாப்டருங்களை அளந்து அளந்து இந்த வியாதி தொத்திக்கிச்சு.

கணக்குப்படி அடாப்டர் தடிமன் 45.46-ல 18 போக 27.46 மி.மீ. இருக்கோணும். மலிவு அடாப்டர் செய்யறவங்க வேணும்னே கொஞ்சம் கம்மியா வெப்பாங்க. ஏன்னா தடிமன் கூடிப்போச்சுன்னா தூரத்துல இருக்கறது எப்பவுமே கூர்மையாகாது, திருப்பி அனுப்பிருவாங்க. கம்மியா இருந்தா யாருக்கும் தெரியாது. மச்சானோடது 27.30 இருந்துச்சு. 0.16 கம்மி.

அதனால என்னன்னு கேப்பீங்க. 50 மி.மீ. லென்ஸ்ல 0.16 கம்மின்னா, கோபுரத்தை ஃபோகஸ் பண்றப்ப வளையத்துல 15 மீட்டர்னு காட்டும். முடிவிலிக் கோடு (வெகு தூரத்துக்கான கடைசிக் குறி) வரைக்கும் திருப்புனா கோபுரம் மறுபடியும் மங்கிரும். அதே அடாப்டர்ல 28 மி.மீ. போட்டீங்கன்னா கோபுரத்துக்கு 5 மீட்டர்னு காட்டும்! அகலமான லென்ஸ் ஆக ஆகத் தப்பு பெருசாகும். மேல டேப்பும்பென்சிலும் சொன்ன தூர எண்ணெல்லாம் அப்பறம் சும்மா அலங்காரந்தான்.

பழைய ஜூம் லென்ஸ் மாட்டறவங்களுக்கு இது இன்னும் மோசமுங்க. ஜூம் பண்ணப் பண்ண ஃபோகஸ் ஓடிரும், லென்ஸ் மேல பழி போடுவாங்க.

அடாப்டர் வந்ததும் வெர்னியர்ல நாலு பக்கமும் அளந்துபோட்டுச் சொல்லுங்க. நாலும் ஒண்ணா இருக்கோணும். ஒரு பக்கம் கூட இருந்தா படத்துல ஒரு ஓரம் மட்டும் மங்கும்.

#7 காவிரிக்கரையான்

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. நன்றி.

டார்ச் அடித்துப் பார்த்தேன். 50 சுத்தம், இரண்டு மூன்று தூசுதான். 135-இல் முன்கண்ணாடிக்கு உள்ளே ஒரு மூலையில் நூல் மாதிரி இருக்கிறது, வடமராட்சி அண்ணா சொன்னபடி தனி டப்பாவில் போட்டுவிட்டேன். அடாப்டருக்கு ஆர்டர் கொடுத்தாச்சு, மலிவானதுதான்.

ஹீலியோஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? நண்பன் விடமாட்டேன் என்கிறான்.

#8 மூர்மார்க்கெட்

சொல்கிறேன். ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப்/2. ஜெர்மனியின் ஜெனா நகரத்து ஸைஸ் செய்த பயோட்டார் 58-ஐ ஒட்டிச் சோவியத் ஆலைகளில் செய்தது. ஜெனிட் கேமராவோடு லட்சக்கணக்கில் போனதால்தான் இன்றைக்கும் கிடைக்கிறது. நல்ல லென்ஸ். பின்னணி சுழல்வதும் உண்மை, ஆனால் சுழல்வது படத்தின் ஓரங்களில். நடுவில் ஒளி வட்டமாக விழும், ஓரத்துக்குப் போகப் போகக் குழாய்க்குள் இடித்துப் பூனைக்கண் மாதிரி நசுங்கும். அப்படி நசுங்கிய வட்டங்கள் வரிசையாக நின்றால்தான் சுழல் மாதிரி தெரிகிறது. உன் ஏபிஎஸ்-சி சென்சார் அந்த ஓரத்தையே வெட்டி எறிந்துவிடும். யூடியூபில் உன் நண்பன் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் ஃபுல் ஃபிரேமாக (ஃபிலிம் அளவுப் பெரிய சென்சார்) இருக்கும்.

ஒரு விஷயத்தில் ஹீலியோஸ் வீடியோவுக்கு வாகு. 44-2-இல் அபர்ச்சருக்கு இரண்டு வளையம். எண் பார்த்து வைக்க ஒன்று, திறந்து மூட இன்னொன்று. இரண்டாவது வளையம் டக் டக் என்று பல் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். ஷாட் ஓடும்போதே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். உன் பென்டாக்ஸ் பல் பிடிக்கும், ஓடும்போது திருப்பினால் படம் குதிக்கும்.

வாங்குவதானால் பின்னால் வந்த 44எம்-4, 44எம்-6 என்று எடுத்துவிட்டு முழிக்காதே. அவற்றில் அபர்ச்சர் ஊசியை அடாப்டர்தான் அழுத்திப் பிடிக்க வேண்டும், அதற்கென்று உள்விளிம்பு வைத்த எம்42 (அந்த லென்ஸின் திருகு மவுண்டு) அடாப்டர் வேண்டும். சாதா அடாப்டரில் மாட்டினால் வளையத்தை எங்கே திருப்பினாலும் எஃப்/2-விலேயே நிற்கும்.

#9 ஸ்கார்பரோவாசி

பழைய கேனன் எஃப்டி லென்ஸ்களைப் பற்றி யாருமே சொல்லவில்லை, அதனால் நுழைகிறேன். இங்கே பழைய சாமான் கடைகளிலும் வீட்டு முற்ற விற்பனைகளிலும் ஏஇ-1 கேமரா 50 எஃப்/1.8 லென்ஸோடு இன்னமும் அகப்படும்.

இவை மலிவாகக் கிடந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1987இல் கேனன் எஃப்டியைக் கைவிட்டு ஈஓஎஸ் என்று புது மவுண்டுக்குப் போனது. எஃப்டியின் தூரம் 42 மி.மீ., ஈஓஎஸ்ஸின் தூரம் 44. குழாய் வைக்க இடமே இல்லை, கழித்தால் மைனஸ் வருகிறது! அதனால் டிஎஸ்எல்ஆர் காலம் முழுக்க அந்த லென்ஸ்கள் அனாதை. 2008இல் கேனனின் 5டி மார்க் II வந்து எல்லாரும் வீடியோ பைத்தியம் பிடித்து அலைந்தபோதும் நிக்கானின் பழைய லென்ஸ்களை மாட்ட முடிந்தது (அது 46.5), கேனனின் பழைய லென்ஸ்களைக் கேனனிலேயே மாட்ட முடியவில்லை. அதே 2008இல் முதல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மிர்ரர்லெஸ் கேமராவும் 2010இல் ஸோனியின் மிர்ரர்லெஸ் நெக்ஸும் வந்த பிறகுதான் அவற்றுக்கு விமோசனம்.

இன்னொரு எச்சரிக்கை. சூப்பர் டாக்குமர் 50 எஃப்/1.4 (பென்டாக்ஸின் பழைய லென்ஸ்) யாராவது கொடுத்தால் வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பாருங்கள். தேநீர் நிறத்தில் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அதன் கண்ணாடியில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது, வருஷக் கணக்கில் தன்னைத்தானே மஞ்சளாக்கிக்கொள்ளும். புற ஊதா வெளிச்சத்தில் சில நாள் வைத்தால் தெளியும். என்னுடையதை ஜன்னலோரம் வைத்தேன். இங்கத்தைய குளிர்கால வெயிலுக்குப் பங்குனி வரைக்கும் பிடித்தது.

#10 சந்தேகப்பிராணி

சரி, தோற்றேன், எடுத்துத் தொலைக்கட்டும். ஆனால் படித்துறைப் பகலுக்கு யாராவது கணக்குப் போட்டீர்களா?

நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் துடிக்காமல் இருக்கவும் அதுதான் சரி. நடுப்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்வு) 100-க்கு எஃப்/22 கேட்கும். அதை எஃப்/2.8-க்குக் கொண்டுவர ஆறு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்) குறைக்க வேண்டும், என்டி64. எஃப்/2 என்று அடம்பிடித்தால் ஏழு. ஷட்டரை 1/2000-க்கு ஏற்றிச் சமாளித்தால் காவிரித் தண்ணீர் கண்ணாடிச் சில்லு மாதிரி வெட்டி வெட்டி ஓடும்.

திருப்பிக் கூட்டுகிற வேரியபிள் என்டி வாங்கினால் கடைசி எண் வரை திருப்பாதே, நடுவில் கறுப்பாகப் பெருக்கல் குறி விழும்.

#11 டேப்பும்பென்சிலும்

அண்ணன் வழிக்கு வந்துவிட்டார், திருவிழா.

என்டி விஷயத்தில் தம்பிக்கு ஒரு அதிர்ஷ்டம். பென்டாக்ஸ்-எம் 28 எஃப்/2.8, 50 எஃப்/2, 135 எஃப்/3.5 மூன்றுக்கும் முன்வாய் 49 மி.மீ. ஹீலியோஸ் 44-2-க்கும் அதே 49. 49-இலிருந்து 77-க்கு ஒரு ஏற்று வளையம், ஒரே ஒரு 77 என்டி. பிறகு எந்த லென்ஸ் வாங்கினாலும் அதே என்டி.

லென்ஸ் சேர்ப்பதானால் ஒரே குடும்பத்தில் சேர். நிக்கான் வளையம் ஒரு பக்கம் திரும்பும், கேனன் வளையம் எதிர்ப்பக்கம். கலந்து வைத்தால் நெருக்கடியான டேக்கில் கை தப்பான பக்கம் போகும், அனுபவித்திருக்கிறேன். நிறமும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மாதிரி. ஒன்று வெதுவெதுப்பு, ஒன்று பச்சை தட்டும். எடிட்டில் உட்கார்ந்து அழ வேண்டும்.

எஸ்-லாக் (எடிட்டில் நிறம் திருத்துவதற்காகத் தட்டையாகப் பதியும் முறை) போடாதே. உன் கேமரா 8 பிட், ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான். பழைய லென்ஸ் ஏற்கனவே கறுப்பைக் கொஞ்சம் தூக்கி, மாறுபாட்டைக் குறைத்துத்தான் தரும். அதை எஸ்-லாக்கில் இன்னும் தட்டையாக்கி, பிறகு எடிட்டில் இழுத்தால் சுவரெல்லாம் பட்டை பட்டையாக உடையும். அவ்வளவு தட்டையாக்காத சினி4 போதும்.

#12 மூர்மார்க்கெட்

இதில் நான் வேறு கட்சி. பென்டாக்ஸ்-எம் எல்லாம் பலபூச்சு லென்ஸ், எஸ்எம்சி என்பதே அதைத்தான் சொல்கிறது. "பழசு என்றாலே வெளுப்பு" என்பது ஒற்றைப் பூச்சு லென்ஸ்களை வைத்து வந்த பேச்சு. இந்த 50 வெயிலுக்கு எதிரே நன்றாகவே தாங்கும். எஸ்-லாக்கை ஒருமுறை சோதித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

வெளுத்தால் லென்ஸை வையாதே, முதலில் அடாப்டரின் உள்பக்கத்தைப் பார். மலிவு அடாப்டர் உள்ளே பளபளவென்று இருக்கும், வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்துச் சென்சாரில் விழும். கறுப்பு வெல்வெட் துணி ஒட்டு, பாதி "பழமை" காணாமல் போகும்.

#13 டேப்பும்பென்சிலும்

சோதிக்கட்டும், பேஷாக. முற்றத்து வெள்ளைச் சுவரில் குண்டு பல்பு விழுகிற இடத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அங்கேதான் உடையும்.

#14 காவிரிக்கரையான்

மூன்று நாள் சோதனை முடிந்தது, அறிக்கை.

அடாப்டர் மாட்டியதும் கேமரா ஸ்டில் எடுக்கவே மறுத்தது. மெனுவில் "லென்ஸ் இல்லாமல் ஷட்டர்" என்பதை அனுமதித்த பிறகு வழிக்கு வந்தது.

எஃப்/2-இல் பல்பைச் சுற்றி ஒரு மென்மையான ஒளிவட்டம். எனக்குப் பிடித்திருக்கிறது, படத்தில் ஒரு ஷாட்டுக்கு வைத்துக்கொள்வேன். எஃப்/2.8-இல் முகம் துல்லியம், ஐஎஸ்ஓ கிட் லென்ஸில் போட்டதில் கால்வாசி போதும். டேப்பில் கோடு போட்டு எடுத்ததில் ஐந்து டேக்கில் நான்கு கூர்மை.

எஸ்-லாக்: டேப் அண்ணன் கட்சி ஜெயித்தது. சுவரில் பட்டை பட்டையாக விழுந்தது. ஆனால் மூர்மார்க்கெட் அண்ணன் சொன்னதும் சரி, வெல்வெட் ஒட்டிய பிறகு படித்துறையில் வெயிலுக்கு எதிரே எடுத்தபோது கறுப்பு கறுப்பாகவே வந்தது.

135-ஐக் கையில் பிடித்து எடுத்தேன். இந்தக் கேமராவின் சென்சாருக்கு நடுக்கம் தாங்கும் வசதி இல்லை. எதிர்க்கரைத் தென்னை ஜெல்லி மாதிரி ஆடியது. ஸ்டாண்டு இல்லாமல் இனித் தொடமாட்டேன்.

அடாப்டரை நண்பனின் பட்டறையில் அளந்தேன். நான்கு பக்கமும் ஒன்றுதான், ஆனால் 27.31. கும்பேஸ்வரன் கோவில் கோபுரம் கூர்மையானபோது வளையம் சரியாக 15-ஐத் தாண்டி நின்றது. லேத்து அண்ணே, அப்படியே நீங்கள் சொன்ன மாதிரி!

பெரியப்பா வந்து பார்த்தார். திரையைப் பார்த்து, "என்னடா இது, மூக்கெல்லாம் சிவப்பா மினுக்குது?" என்றார். ஃபோகஸ் பீக்கிங், கூர்மையான ஓரங்களுக்கு நிறம் பூசிக் காட்டும் வசதி என்று விளக்கினேன். "எடு அதை" என்று அணைக்கச் சொல்லிவிட்டு, வளையத்தை முன்னும் பின்னும் ஒரு தடவை ஆட்டி நிறுத்தினார். பெரிதாக்கிப் பார்த்தேன், கண்ணிமை முடி எண்ணலாம்.

#15 லேத்துக்காரன்

0.15 கம்மி. அடாப்டரோட ஈ மவுண்ட் தகட்டுல நாலு சின்ன ஸ்க்ரூ இருக்கும், கழட்டி அடியில மெல்லிசுத் தகடு வெச்சு முறுக்குங்க. பித்தளை ஷிம் கெடைக்கலைன்னா குளிர்பான டின்னை வெட்டிக்கோங்க, ஏறக்குறைய 0.1 இருக்கும். முழுசாச் சரியாகாது, ஆனா கோபுரத்துக்கு 15 மீட்டர் காட்டுனது 50 மீட்டருக்குப் போயிரும். மிச்சத்தை விட்டுருங்க. ரொம்பச் சரி பண்றேன்னு தடிமன் கூடிப்போனா கோபுரமே கெடைக்காது.

#16 காவிரிக்கரையான்

செய்துவிட்டேன்! டின் தகட்டைக் கத்தரிக்கோலால் வளையமாக வெட்டி வைத்து முறுக்கினேன். இப்போது கோபுரத்துக்கு வளையம் முடிவிலிக் கோட்டுக்கு மயிரிழை முன்னால் நிற்கிறது. ஞாயிறு காலை படித்துறையில் முதல் ஷாட்.

#17 லேத்துக்காரன்

தம்பி, வெட்டுன ஓரத்தை உப்புத்தாள்ல தேச்சீங்களா? பிசிறு இருந்தா உதுந்து நேரா சென்சார் மேலதான் விழும்.

#18 காவிரிக்கரையான்

தேய்க்கவில்லை. இதோ கழட்டுகிறேன்.